கோத்தகிரி அருகே ஒரு ‘எரிமலை’: கறுப்புப் பட்டையும் அதன் ஓரத்துத் தண்ணீரும்

பின்னணி

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி (படுகர் ஊர்), கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில். ஊருக்கு மேலே முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு அம்மாவும், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவருடைய மகனும் அந்தச் சரிவில் வீடு கட்ட முடிவு செய்தார்கள். நீலகிரியில் நினைத்த மாதிரி மண் வெட்ட முடியாது. முறைப்படி அனுமதி வாங்கி, சின்ன ஜேசிபி ஒன்றை வரவழைத்து, செப்டம்பர் கடைசியில் வெட்டினார்கள். வெட்டு 18 மீட்டர் நீளம். மிக உயரமான இடத்தில் 5 மீட்டர்.

மூன்றாம் நாள் காலையில் மகன் எடுத்த வீடியோதான் இந்த விவகாரத்தின் தொடக்கம். வெட்டுமுகத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்பாக ஒரு பட்டை. அதற்குள் பீரங்கிக் குண்டு மாதிரி உருண்டைக் கற்கள். மேலே சல்லடை போல ஓட்டை விழுந்த சிவப்புக் கல். நடுவே திட்டுத் திட்டாக வெள்ளைப் பொடி. போதாக்குறைக்கு, வெயில் பட்டதும் ஈரமண்ணிலிருந்து ஆவி கிளம்பியது. ‘எங்க தோட்டத்துல எரிமலை’ என்று அவர் விளையாட்டாகத்தான் எழுதினார். இரண்டே நாளில் அது குன்னூர், ஊட்டி என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஓடியது. அந்த அம்மாவின் அக்கா குடும்பம் ஓடி வந்து, ‘இங்க இருக்காத, எங்க வீட்டுக்கு வந்துடு’ என்று கூப்பிட்டது.

பயந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி, மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. நிலம் அசையும் என்று தெரிந்தவர்களுக்கு, நிலம் எரியும் என்பதும் நம்ப முடியாத சேதி இல்லை.

நான் கல்லூரியில் நிலவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வீடியோவை மகனே எனக்கு அனுப்பினார். அடுத்து நடந்தவற்றை அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம் என்றார்கள்.

போனில் சொன்ன கணிப்பு

முதல் தவறு என்னுடையது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ‘எரிமலை எல்லாம் இல்லை. சார்னோக்கைட்டில் கருமையான பட்டை வருவது சகஜம். கவலை வேண்டாம்’ என்று பதில் அனுப்பினேன். நான் போனது அதற்கு நான்கு நாள் கழித்துத்தான்.

அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. நீலகிரி மலை பெரும்பாலும் சார்னோக்கைட். எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும், கரும்பச்சை கலந்த சாம்பல் நிறப் பாறை. கொல்கத்தாவில் உள்ள ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை. பல்லாவரம் பக்கத்துப் பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் 20 முதல் 35 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறிய பாறை இது. அதன் மேலே இருந்த அத்தனை கிலோமீட்டரும் தேய்ந்து போனதால்தான் இன்று நாம் அதன்மேல் தேயிலை பறிக்கிறோம். அந்தக் காலத்தில் இங்கே எரிமலை இருந்திருந்தாலும் அதன் கூம்பும் வாயும் நிலைத்திருக்க வழியே இல்லை. ஊட்டி ஏரி பழைய எரிமலை வாய் என்று சுற்றுலாக்காரர்களிடம் அளப்பவர்கள் உண்டு. அது 1820-களில் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் ஒரு ஓடையை மறித்துக் கட்டியது. கொடைக்கானல் ஏரியும் 1863-இல் அணை போட்டு உண்டாக்கியதுதான்.

ஆக, ‘எரிமலை இல்லை’ என்றது சரி. ‘சார்னோக்கைட்டின் பட்டை’ என்றதும் ‘கவலை வேண்டாம்’ என்றதும்தான் தவறு. பாறையைத் தொடாமல் இரண்டையும் சொல்லிவிட்டேன்.

நேரில் பார்த்தது

போனபோது வெட்டுக்குக் கீழே இருபது பேர் நின்றார்கள். இரண்டு பையன்கள் கடப்பாறையால் ஒரு உருண்டையை நெம்பிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே ஏழெட்டு உருண்டைகள் போய்விட்டன. அவை இருந்த இடத்தில் தலை நுழையும் அளவுக்குக் குழிகள். அதை அப்போதே நிறுத்தச் சொன்னேன். ஆனால் ஆட்கள் நெருங்காதபடி கயிறு கட்டவில்லை.

கறுப்புப் பட்டை ஏறக்குறைய 3.5 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட செங்குத்து. பக்கத்தில் இருந்த சார்னோக்கைட் மக்கிப் போயிருந்தாலும் அதன் பழைய வரிகள் மங்கலாகத் தெரிந்தன. கறுப்புப் பட்டை அந்த வரிகளோடு சேர்ந்து போகவில்லை; வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. என் போன் கணிப்பு அங்கேயே விழுந்தது. உடன்பிறந்த பட்டை என்றால் வரிகளோடு ஒட்டிப் போகும். வரிகளை வெட்டுகிறது என்றால் பிறகு நுழைந்தது.

ஒரு உருண்டையை உடைத்தோம். வெளியே வெங்காயச் சருகு மாதிரி நான்கைந்து அடுக்கு, கையாலேயே உரிகிறது. துருப்பிடித்த பழுப்பு நிறம். அதற்குள்ளே நெல்லிக்காயின் கொட்டை போல ஒரு கெட்டியான கரு. சுத்தியல் பட்டதும் மணி மாதிரி கணீர் என்றது. லென்ஸில் பார்த்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெளிர் சாம்பல் குச்சிகள், குறுக்கும் நெடுக்குமாக. இடையில் கறுப்புக் கனிமம். சார்னோக்கைட்டின் எண்ணெய்ப் பளபளப்பு இல்லை. அப்புறம் பட்டையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு. அதே கறுப்பு, ஆனால் லென்ஸிலும் குச்சி எதுவும் பிரிந்து தெரியவில்லை. மை போல வழவழப்பு. அந்த நுண்மணி விளிம்பு 3 செ.மீ. அளவுக்கு இரண்டு பக்கமும் இருந்தது.

இது டோலரைட் டைக். பாறைக்குழம்பு விரிசலுக்குள் ஏறி, அங்கேயே இறுகிய சுவர். 1,100 டிகிரிக்கு மேலிருந்த குழம்பு குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரத்தில் படிகம் வளர நேரம் கிடைக்காமல் உறைந்துவிடும். நடுவில் ஆற அமர வளரும். ஆற அமர என்றாலும், இந்த அகலத்துக்குச் சில வாரங்கள்தான். இரு பக்கமும் ஒரே மாதிரி உறைந்திருப்பதால் இது தரையில் வழிந்த லாவா இல்லை என்றும் தெரிகிறது. லாவா என்றால் மேற்பரப்பு காற்றில் ஆறும், மேலே குமிழிகள் சேரும், அடியில் வெந்த மண் செக்கச்செவேல் என்றிருக்கும்.

காந்தம் கொண்டு வந்த ஒருவர் தூளில் ஒட்டுவதைக் காட்டி, ‘இரும்பு இருக்கு சார், அப்ப லாவாதானே?’ என்றார். சார்னோக்கைட்டின் தூளிலும் ஒட்டியது. இரண்டிலும் மேக்னடைட் என்ற காந்தத்தில் ஒட்டும் இரும்புக் கனிமம் உண்டு. கேள்விக்கு உதவாத சோதனை, ஆனால் கூட்டத்துக்குப் பிடித்த சோதனை.

வெள்ளைப் பொடியை எரிமலைச் சாம்பல் என்றிருந்தார்கள். சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன், ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் கோலமாவு உருண்டை மாதிரி திரண்டது. கயோலின் களிமண். பாறையில் உள்ள பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மக்கினால் மிஞ்சுவது. அதைவிட உறுதியான சாட்சி, சார்னோக்கைட்டின் வரிகள் முறியாமல் அந்த வெள்ளைத் திட்டுக்குள்ளும் தொடர்ந்து போனது. மேலிருந்து பொழிந்த சாம்பலுக்குள் கீழிருக்கும் பாறையின் வரி எப்படி வரும்? உண்மையான எரிமலைச் சாம்பல் இந்தியாவில் கிடைக்காமல் இல்லை. சுமத்ராவின் தோபா சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது பறந்து வந்த சாம்பல் ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் படுகையாகக் கிடக்கிறது. ஆனால் அது நுண்ணோக்கியில் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளாகத் தெரியும், களியாகப் பிசையாது.

இத்தனையும் பார்த்து முடித்த பிறகு, டைக்கின் மேற்கு ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மண் மட்டும் நிறம் மாறி, தொட்டால் குழைவதைக் கவனித்தேன். கீழே ஒரு சிறு கசிவு. அந்த அம்மாதான் சொன்னார்: ‘அது வெட்டின நாள்லேர்ந்து ஊறுது சார். மழை இல்லாதப்பவும் நிக்கல.’ யாரும் அதை வீடியோ எடுத்திருக்கவில்லை.

இரண்டு கற்கள், ஒரு தட்டு

எரிமலை இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும், ஓட்டை விழுந்த சிவப்புக் கல் கண்முன்னே இருந்தது. மகன் கேட்டது நியாயமான கேள்வி: ‘குமிழி இல்லாம ஓட்டை எப்படி சார் வரும்?’

அடுத்த நாள் வீட்டு மேஜை டிராயரில் கிடந்த ஒரு தக்காணப் பாறையைக் கொண்டுபோனேன். பல வருடம் முன் மகாராஷ்டிராவிலிருந்து ஒரு மாணவர் தந்தது, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய லாவா. திண்ணையில் எவர்சில்வர் தட்டு ஒன்றில் அதையும் தோட்டத்துச் சிவப்புக் கல்லையும் பக்கம் பக்கமாக வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். தக்காணக் கல்லின் தண்ணீர் தெளிவாகவே நின்றது. சிவப்புக் கல்லின் பக்கம் நீர் காவி நிறமானது. லென்ஸில்: தக்காணக் கல்லின் ஓட்டைகள் முட்டை வடிவம், உள்சுவர் வழவழப்பு, எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தன, லாவா ஓடிய திசையில். சிலவற்றுக்குள் வெள்ளை ஊசிகளாக ஜியோலைட் என்ற கனிமம். சிவப்புக் கல்லின் ஓட்டைகள் ஒன்றோடொன்று புழு துளைத்தது போல இணைந்திருந்தன, சுவர் சொரசொரப்பு, உள்ளே களிமண். பேனாக்கத்தி நன்றாக இறங்கியது. ஒரு ஓட்டையின் ஓரத்தில் மக்காத குவார்ட்ஸ் மணி ஒன்று அப்படியே உட்கார்ந்திருந்தது.

கோலி சோடாவை உதாரணம் சொன்னேன். கோலியை அழுத்தினால்தான் பொங்கும்; அழுத்தம் இருக்கும்வரை வாயு கரைந்தே கிடக்கும். லாவாவின் குமிழி தரைக்கு அருகில் அழுத்தம் குறையும்போது வருவது. நம் டைக்கில் ஒரு குமிழிகூட இல்லை. அது ஆழத்தில் இறுகியது என்பதற்கு அதுவும் ஒரு குறிப்பு. சிவப்புக் கல் வேறு கதை. அது லேட்டரைட், செம்புரைக்கல். மழை பாறையின் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகியது. 1807-இல் பிரான்சிஸ் புக்கானன் அந்தப் பெயரை வைத்தது இங்கிருந்து மேற்கே இறங்கினால் வரும் கேரளத்து அங்காடிப்புரத்துக் கல்லைப் பார்த்துத்தான். கோத்தகிரிப் பக்கம் அலுமினியம் மிகுந்து பாக்சைட்டாகவே இருக்கும் இடங்களும் உண்டு.

உருண்டைகளும் அதே மழையின் வேலை. டோலரைட்டில் விரிசல்கள் கட்டம் கட்டமாக ஓடும், நீர் நுழைந்தால் மூலைகள் முதலில் மக்கும், கட்டை உருண்டையாகும். எரிமலை எறிந்த குண்டு என்றால் ஓடு வெடித்திருக்கும், உள்ளே பஞ்சு போல் குமிழி இருக்கும், விழுந்த இடத்து அடுக்கு அமுங்கியிருக்கும். இங்கே உருண்டைகள் செங்கல் அடுக்கின மாதிரி வரிசையாக இருந்தன.

‘அப்போ எரிமலை இருந்துச்சா, இல்லையா?’ என்று கடைசியாக மகன் கேட்டார். ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. குழம்பு வந்தது உண்மை. அது மேலே எட்டிக் கொட்டியதா என்று சொல்லக்கூடிய தரை இப்போது இல்லை. தென்னிந்தியாவில் இப்படி டைக்குகள் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. பெங்களூரு–ஹாரோஹள்ளிப் பக்கத்து டைக் கூட்டம் ஒன்றுக்கு 237 கோடி ஆண்டு. நம் டைக்குக்கு வயது அளக்கவில்லை என்பதால் எதுவும் எழுத வேண்டாம் என்று முடிவு செய்தேன். மூன்று வாரம் கழித்து வந்த மெல்லிய வெட்டுத் தகட்டை (நுண்ணோக்கிக்காகச் சீவிய கல்) பார்த்தபோது, பிளேஜியோகிளேஸ் என்ற வெளிர் கனிமத்தின் குச்சிகளை பைராக்ஸீன் என்ற கறுப்புக் கனிமம் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது. டோலரைட் என்பதில் பிறகு சந்தேகம் இல்லை.

எடுத்த முடிவுகள்

இப்போது கவலை தண்ணீரைப் பற்றியது. டைக் சரிவுக்குக் குறுக்காகச் சாய்ந்து ஓடுகிறது. மேலே இருந்து மக்கிய சார்னோக்கைட்டுக்குள் இறங்கும் நீர் இந்தக் கெட்டிச் சுவரில் முட்டி, ஓரத்துக் களிமண்ணை ஊறவைத்துக்கொண்டு வெட்டுமுகத்தில் வெளியேறுகிறது. வீட்டின் வரைபடத்தில் சமையலறையின் பின்சுவர் சரியாக அந்த ஓரத்தின் மேல் வந்தது.

10 லிட்டர் வாளி ஒன்றைக் கசிவுக்கு அடியில் வைத்தோம். முதல் நாள் அது நிறைவதற்கு 4 நிமிடம் 10 நொடி ஆனது. இரண்டு நாள் மழைக்குப் பின் 1 நிமிடம் 40 நொடி. காலையும் மாலையும் அந்த அம்மாவே நேரம் பார்த்து, பால்கணக்கு நோட்டில் எழுதினார். இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த தரவு அந்த நோட்டு.

மேஸ்திரியின் யோசனை, ஈரமான இடத்தைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்பது. அவர் முப்பது வருடம் சுவர் கட்டியவர். சமவெளியில் அது எடுபட்டிருக்கும். இங்கே வாசலை அடைத்தால் நீர் நின்றுவிடாது, சுவருக்குப் பின்னால் சேர்ந்து தள்ளும். கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்தோம். அவரும் நானும் சேர்ந்து சொன்னவை: வீட்டை 9 மீட்டர் கிழக்கே, டைக்கைத் தாண்டிய உலர்ந்த பக்கத்துக்கு நகர்த்துவது. மேற்கு ஓரத்தில் ஜல்லி நிரப்பிய வாய்க்கால் ஒன்று தோண்டிக் கசிவைக் கீழே ஓடைக்கு வழிவிடுவது. தடுப்புச் சுவரில் நெருக்கமாக நீர் வடியும் துளைகள், பின்னால் ஜல்லி. வடகிழக்குப் பருவமழை முடியும் வரை அஸ்திவாரம் எடுக்காமல் இருப்பது.

கடைசி விஷயத்தில்தான் இழுபறி. மகனுக்கு வங்கிக் கடனும் விடுமுறையும் நெருக்கின. அம்மா நோட்டை எடுத்துக் காட்டி, ‘தண்ணி கூடிக்கிட்டே இருக்கு தம்பி, நிக்கட்டும்’ என்றதும் முடிவாயிற்று. வீடு நகர்ந்ததில் ஒரு அறை குறைந்தது. அதில் அவருக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பிறகு நடந்தது

நவம்பர் இரண்டாம் வாரம் மூன்று நாள் விடாத மழை. இரண்டாம் நாள் இரவில் வெட்டுமுகத்தில் மூன்று கன மீட்டர் அளவு மண் சரிந்தது. சரிந்த இடம் கசிவு இருந்த ஓரம் இல்லை. கடப்பாறைக்காரர்கள் உருண்டைகளைப் பிடுங்கிய குழிகள் இருந்த இடம். உருண்டைகள்தான் அந்த மக்கிய டோலரைட் மணலைத் தாங்கிப் பிடித்திருந்தன. யாருக்கும் அடியில்லை, கீழே வைத்திருந்த நாற்பது சிமென்ட் மூட்டைகளில் ஆறு புதைந்தன. ஜல்லி வாய்க்கால் இருந்த பக்கம் ஒரு கூடை மண்கூட விழவில்லை. அன்று வாளி 35 நொடியில் நிறைந்ததாக நோட்டில் இருக்கிறது.

ஜனவரியில் அஸ்திவாரம், ஜூனில் கிரகப்பிரவேசம். வாய்க்கால் தண்ணீரை இப்போது ஒரு சிறு தொட்டியில் பிடித்துக் காய்கறிப் பாத்திக்கு விடுகிறார்கள், மார்ச்சிலும் வற்றவில்லை. மகன் இரண்டாவதாக ஒரு வீடியோ போட்டார்: டைக் என்றால் என்ன, உருண்டை எப்படி வந்தது என்று. முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்கு பேர்கூட அதைப் பார்க்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஊரில் அந்த இடத்துக்கு ‘எரிமலை வெட்டு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால்தான் வழி தெரிகிறது.

மறுபடி இப்படி ஒன்று வந்தால்

படத்தை வைத்துப் பாறையின் பெயர் சொல்ல மாட்டேன். அதைவிட முக்கியமாக, படத்தை வைத்து ‘கவலை வேண்டாம்’ என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு வரியால் நான்கு நாள் போனது. அந்த நான்கு நாளில்தான் உருண்டைகளும் போயின.

போன உடனே வெட்டுக்குக் கீழே கயிறு கட்டியிருக்க வேண்டும். வாயால் தடுத்தால் நான் இறங்கிப் போகும் வரைதான் நிற்கும். அன்று மாலையே இன்னும் இரண்டு உருண்டைகளை எடுத்திருக்கிறார்கள்.

பார்க்கும் வரிசையையும் மாற்றுவேன். நான் கல், படிகம், விளிம்பு என்று மணிக்கணக்கில் பார்த்த பிறகே ஈரத்துக்கு வந்தேன். சரிவில் வெட்டிய இடத்தில் முதலில் கேட்க வேண்டியது ‘எங்கே ஊறுகிறது, எப்போதிலிருந்து’ என்பதை. அதையும் அங்கேயே குடியிருப்பவரிடம். டைக் என்று தெரிந்த நிமிடமே அதன் இரண்டு ஓரத்தையும் தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். கிழக்கு ஓரத்தை நான் தோண்டிப் பார்த்தது ஒரு வாரம் கழித்து. நல்லவேளை, அது காய்ந்திருந்தது.

தக்காணக் கல்லை முதல் நாளே பையில் போட்டுக்கொண்டு போயிருப்பேன். இப்போது அது டிராயரில் இல்லை, வண்டியின் பெட்டியிலேயே கிடக்கிறது, ஒரு துண்டு செம்புரைக்கல்லும் ஒரு பழைய எவர்சில்வர் தட்டும் கூட.